டர்பன் அரசு ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ ரெஜிஸ்ட்ரார் பயிற்சி: சேரலாமா?

டர்பனில் மருத்துவம் முடித்த நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) எடுக்கலாமா? அரசாங்க ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் தாக்குப்பிடிக்க முடியுமா?" தொலைபேசியில் அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதில் இது.

நான் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இன்னமும் இராப்பகலாக நிற்கிறவர்கள் அதனால் மனம் நோகக் கூடாது. நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி இவ்வளவு போதும்: அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் தென்னாப்பிரிக்காவின் ட்ரான்ஸ்கை பகுதிக்குக் கணித ஆசிரியராக வந்தவர். நான் பிறந்தது உம்டாட்டாவில், வளர்ந்தது டர்பனில்.

என் பதில், எடுங்கள் என்பதுதான். ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். குறைத்த ஒன்று சிறிய விஷயத்துக்காக அல்ல. அதையும் பின்னால் சொல்கிறேன்.

வழி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பட்டம் முடிந்ததும் இரண்டு ஆண்டு இன்டர்ன், ஓராண்டு சமூக சேவை, இரண்டும் கட்டாயம். பிறகு மெடிக்கல் ஆபிசராக வேலை. அதன் பிறகுதான் நான்கு ஆண்டு ரெஜிஸ்ட்ரார் பதவி, அதாவது நிபுணராவதற்கான பயிற்சிப் பதவி. தேர்வை நடத்துவது தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் என்ற அமைப்பு: எஃப்.சி.பி. என்ற நிபுணர் தேர்வு, பகுதி ஒன்று, பகுதி இரண்டு. இத்துடன் எம்.மெட். என்ற முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வுக்கட்டுரை. 2011 முதல் பயிற்சியில் சேர்ந்தவர்கள் அது இல்லாமல் நிபுணராகப் பதிவு செய்ய முடியாது.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

இன்டேக் நாள் என்றால், அன்றைக்கு வரும் பொது மருத்துவ நோயாளிகள் அத்தனை பேரும் உங்கள் யூனிட்டுக்கு. ஒரே இரவில் வருகிறவர்களைப் பாருங்கள்: இரண்டு வாரமாகத் தலைவலி என்று வந்து கழுத்து விறைத்துக் கிடக்கும் இளைஞன், சர்க்கரை ஏறி மூச்சு வாங்கும், நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதி மாமா, ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், கர்ப்பமாகவும் இருக்கும் இருபது வயதுப் பெண், பூச்சிமருந்து குடித்துக் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிய ஒருவர், காரணம் தெரியாமல் கல்லீரல் செயலிழந்து சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிய ஒரு தாய். அந்தத் தாய்க்கு வீட்டில் என்ன மூலிகை கொடுத்தீர்கள் என்று குடும்பத்தாரிடம் அன்பாகக் கேட்கத் தெரிந்தால்தான் இம்பிலா என்ற மூலிகை வேரின் கதை வெளியே வரும். இந்த மாகாணத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட நஞ்சு அது. வெளிநாட்டுப் பாடநூல்களில் அதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

எச்.ஐ.வி.யும் காசநோயும் இல்லாமல் இந்தப் பயிற்சியைப் பற்றிப் பேச முடியாது. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால், நாட்டிலேயே எச்.ஐ.வி. மிகுந்த மாகாணங்களில் முன்னணியில் இருப்பது. 2004இல் அரசு ஆஸ்பத்திரிகளில் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரிலிருந்து, சி.டி.4 என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் தொற்று உறுதியானதும் சிகிச்சை என்று ஆனது. 2019 இறுதியில் டோலுடெக்ராவிர் என்ற புதிய மருந்து வந்தது. முந்தைய தலைமுறை மருத்துவர்கள் சொல்லும் கதைகளை நினைத்தால், இன்று நம் நோயாளிகள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதே எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். ஆனாலும் சிகிச்சையை நிறுத்தியவர்கள், பயத்தில் சொல்லாமல் இருந்தவர்கள், கடைசிக் கட்டத்தில் வருகிறார்கள். தலைவலியோடு வந்த அந்த இளைஞனுக்குக் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.பி. செய்து, அதாவது முதுகுத்தண்டில் ஊசி போட்டு, உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். 25 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் நீரை எடுத்து இறக்க வேண்டும், தேவைப்பட்டால் மறுநாளும், அதற்கு மறுநாளும். இந்த நோய்க்கான அம்போடெரிசின் மருந்தைக் கொடுத்தால் பொட்டாசியமும் மக்னீசியமும் சரியும், சிறுநீரகம் அடிபடும். தென்னாப்பிரிக்கா உட்பட ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, லிப்போசோமல் அம்போடெரிசினை ஒரே ஒரு பெரிய அளவில் கொடுத்து, கூடவே வேறு இரு மருந்துகளையும் சேர்த்தால் போதும் என்று காட்டியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. நம் வாட்டில் தினமும் பார்க்கும் நோய்க்கு நம் கண்டத்திலேயே விடை கண்டுபிடிக்கிறார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு வந்த பெருமை கொஞ்சமல்ல.

காசநோய் வேறு கதை. 2006இல் டுகேலா ஃபெரி என்ற சிற்றூரிலிருந்து வந்த அறிக்கையில், அதிதீவிர மருந்தெதிர்ப்புக் காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்திருந்தார்கள். அந்த ஊர் இதே மாகாணத்தில்தான். ஆகவே என்95 முகக்கவசம் இல்லாமல் வாட்டுக்குள் போகாதீர்கள், யார் என்ன சொன்னாலும். கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லும் நாள்களும் உண்டு. என் பையில் சொந்தமாக வாங்கியவை எப்போதும் இருக்கும்.

சரி, நோயாளிகள் நிறைய இருப்பதால் பயிற்சி நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். நூறு பேரை அவசரமாகப் பார்த்தவன் அவசரமாகப் பார்ப்பதைத்தான் கற்றிருப்பான். பயிற்சியைப் பயிற்சியாக்குவது இன்டேக் முடிந்த மறுநாள் காலைச் சுற்று. முழு இரவும் சேர்த்த நோயாளிகளை ஒருவர் விடாமல் கன்சல்டன்ட்டோடு, அதாவது யூனிட்டின் மூத்த நிபுணரோடு, பார்ப்பது அது. எங்கள் யூனிட்டின் கன்சல்டன்ட் காலை ஏழரைக்கு வாட்டு வாசலில் நிற்பார். கடைசிப் படுக்கை வரை போகாமல் திரும்ப மாட்டார். கோப்பைத் திறக்கும் முன் நோயாளியின் கையைத் தொடுவார்.

ஒரு காலை அவர் செய்ததைச் சொல்கிறேன். மூச்சு வாங்கும் ஒரு பெண். அனுப்பியவர்களின் கடிதத்தில் இதயச் செயலிழப்பு என்று எழுதியிருந்தது, எக்ஸ்ரேயில் இதய நிழல் குடம் போல விரிந்து கிடந்தது, கால் வீங்கியிருந்தது. எல்லாமே பொருந்துகிறது. அவர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக மூச்சை இழுங்கள், மாமா" என்று சுலுவில் சொன்னார். (இங்கே 'மாமா' என்றால் அம்மா.) பிறகு என்னைப் பார்த்து, "நீ பிடித்துப் பார். மூச்சை இழுக்கும்போது நாடிக்கு என்ன ஆகிறது?" நாடி மெலிந்து, ஏறத்தாழ மறைந்து, மூச்சு வெளியே வரும்போது திரும்பி வந்தது. இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி அந்த வித்தியாசத்தை அளக்கச் சொன்னார். 10 மில்லிமீட்டருக்கு மேல் விழுந்தால் யோசிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். கழுத்து இரத்தக்குழாய் காது வரை நிறைந்திருந்தது. இதயத்தைச் சுற்றியுள்ள பையில் நீர் கட்டி இதயத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இதயச் செயலிழப்பு என்று நீர் இறக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். அன்று மதியத்துக்குள் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து ஊசியால் நீரை எடுத்தோம். காரணம் காசநோய்.

அதோடு விடவில்லை. "இவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பாயா?" என்று கேட்டார். அங்கே இதய நிபுணர் பொங்கானி மயோசியின் ஆய்வைப் பற்றிப் பேச்சு வந்தது. ட்ரான்ஸ்கையில் பிறந்து, இங்கே நடால் மருத்துவப் பள்ளியில் படித்த மயோசி, எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் 1,400 நோயாளிகளை வைத்து இதே கேள்வியைச் சோதித்தார். முடிவு 2014இல் வெளியானது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மொத்தத்தில் மரணத்தையும் மற்ற முக்கிய விளைவுகளையும் சேர்த்துக் குறைக்கவில்லை. இதயப்பை இறுகிப்போவதைக் குறைத்தது. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் சில புற்றுநோய்களைக் கூட்டியது. ஆகவே இந்தப் பெண்ணுக்கு? எச்.ஐ.வி. நிலை என்ன, மாத்திரை எடுக்கிறாரா, எவ்வளவு காலமாக? கேள்விகள் அங்கிருந்து கிளம்பின. இன்டர்ன், மாணவர், தாதி எல்லோரும் சுற்றி நின்றோம். தூக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், ஒரு பயிற்சியிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் இயந்திரங்களையும் பார்க்காதீர்கள். அங்கே இருக்கும் ரெஜிஸ்ட்ராரிடம் கேளுங்கள்: இன்டேக் முடிந்த காலையில் கன்சல்டன்ட் எத்தனை மணிக்கு வருகிறார், கடைசி நோயாளி வரை நிற்கிறாரா, தொட்டுப் பார்க்கிறாரா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் கூரை ஒழுகினாலும் அங்கே சேருங்கள். நான் சுழற்சியில் போன இன்னொரு யூனிட்டில் கன்சல்டன்ட் தொலைபேசியில் சுற்றை முடித்துவிடுவார். அதே ஆஸ்பத்திரி, அதே நோயாளிகள். அந்த மாதங்களில் நான் களைத்தேனே தவிர எதுவும் கற்கவில்லை.

உட்பிரிவுச் சுழற்சிகளில் சில காலம் இன்கோசி அல்பர்ட் லுத்துலி மத்திய ஆஸ்பத்திரிக்குப் போவோம். 2002இல் திறந்தது; காகிதக் கோப்பே இல்லாமல் எல்லாம் கணினியில். வெளியிலிருந்து பரிந்துரைத்து அனுப்பும் சிக்கலான நோயாளிகள் மட்டுமே வருவார்கள். நரம்பியலும் இதயவியலும் அங்கே நிதானமாகப் படிக்கலாம். கோப்பைத் தேடி அலைந்து பழகிய நமக்கு ஒரு சொடுக்கில் பழைய சிடி ஸ்கேன் வருவது பெரிய சுகம்.

சிறுநீரகச் சுழற்சிதான் என்னை மிகவும் அசைத்தது. அரசு ஆஸ்பத்திரியில் நிரந்தர டயாலிசிஸ் இடங்கள் குறைவு, தேவைப்படுகிறவர்கள் அதிகம். யாருக்கு இடம் என்று ஒரு கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். நோயாளியின் விவரத்தை அங்கே எடுத்து வைப்பது ரெஜிஸ்ட்ராரின் வேலை. இந்தக் கதைக்கு டர்பனில் ஒரு பெயர் இருக்கிறது: தியாகராஜ் சூப்ரமணி. 41 வயது, நீரிழிவு, இதய நோய், பக்கவாதம், இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தவர். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே இடம் என்ற விதியின்படி அடிங்டன் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று புதிய அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு சொல்கிறதே என்று வாதாடினார். நாள்பட்ட நோய்க்கான டயாலிசிஸ் அந்தப் பிரிவில் அடங்காது, இருக்கும் வளத்துக்குள்தான் அரசு செய்ய முடியும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1997 நவம்பர் 27 அன்று தீர்ப்பளித்தது. சில நாள்களில் அவர் இறந்துபோனார்.

நம் பெயருள்ள ஒருவர், நம் நோய்களோடு. இந்தத் தீர்ப்பை ரெஜிஸ்ட்ராராகப் போகிற ஒவ்வொருவரும் ஒரு முறை முழுதாகப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சட்டம் தெரிய வேண்டும் என்பதற்காக அல்ல. கூட்டத்தில் ஒரு நோயாளிக்காகப் பேச எழும்போது, அவருடைய வீடு, தண்ணீர் வசதி, வேலை, துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே சேகரித்துக்கொண்டு போவீர்கள். என் நோயாளிகள் சிலருக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். கிடைக்காதவர்களிடம் அதைச் சொல்ல நான் இன்டர்னை அனுப்பியதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு நானே உட்கார்ந்து சொன்னேன். அதை எந்தத் தேர்விலும் கேட்க மாட்டார்கள்.

மொழி: சுலு கற்காமல் வராதீர்கள். எனக்கு உம்டாட்டாவில் கேட்டுப் பழகிய கோசா உதவியது, இரண்டும் நெருக்கமான மொழிகள். "சவுபோனா கோகோ, உஞ்சானி?" (வணக்கம் பாட்டி, எப்படி இருக்கிறீர்கள்?) என்று தொடங்கினால் பாட்டிமார் முகம் மலரும், அதன் பிறகுதான் உண்மையான வரலாறு வரும். நம்மவர்களிடம் பெரும்பாலும் ஆங்கிலம்தான். வயதான சிலர் மட்டும் வலியில் தமிழுக்குத் திரும்புவார்கள். ஒரு சாட்ஸ்வர்த் ஆயா, நான் தமிழில் பதில் சொன்னதும் என் கையை விடவே இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: புரட்டாசியிலும் தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாள்களிலும், சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுதாக நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் நீரிழிவும் இளவயது மாரடைப்பும் அதிகம் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் விரதத்துக்கு முன்பே "அங்கிள், அளவை இப்படிக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம்" என்று சொல்ல நம்மவர் ஒருவர் கிளினிக்கில் இருந்தால் எவ்வளவோ மிச்சமாகும். கோயில்காரர்களும் காவடிக்கு முந்தைய வாரம் ஒரு டொக்டரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம்.

இனி அந்த ஒரு நட்சத்திரம்.

மணி நேரம். இன்டர்ன்களின் தொடர்ச்சியான பணிக்கு 24 மணி, ஒப்படைப்புக்கு மேலும் 2 மணி என்று, மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.பி.சி.எஸ்.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் இன்டர்ன் வீட்டுக்குப் போனதும் அவருடைய மிச்ச வேலை ரெஜிஸ்ட்ரார் தலையில் விழுந்தது. இரவு முழுக்க நின்றவர் மறுநாள் மாலை வரை நிற்பது வழக்கமாக இருந்தது. களைத்த மருத்துவரிடம் நோயாளியை ஒப்படைப்பது பாதுகாப்பு அல்ல. இதை நான் கூட்டத்தில் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். "நாங்களும் அப்படித்தான் செய்தோம்" என்பது பதில் ஆகாது. காரோட்டி வீட்டுக்குப் போகாதீர்கள். இன்டேக் முடிந்த நாளில் என் கணவர் வந்து கூட்டிப்போவார்.

ஆள் பற்றாக்குறை. தள்ளுவண்டியை ரெஜிஸ்ட்ராரே தள்ளுவார். இரத்தக் குழாயை ஆய்வகத்துக்கு நடந்து கொண்டுபோவார். சமூக சேவை ஆண்டை முடித்த இளம் மருத்துவர்கள் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் அதே நாட்டில் வாட்டுகளில் ஆள் இல்லை. எனக்கு இன்னமும் ஆறாத கோபம் இது.

எம்.மெட். ஆய்வு. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன். மேற்பார்வையாளர் இடையில் மாறினார். முதல் ஆண்டிலேயே தலைப்பைப் பிடித்துவிடுங்கள். பெரிய கேள்வி வேண்டாம். இருக்கும் கோப்புகளிலிருந்து விடை காணக்கூடிய சிறிய கேள்வி போதும். மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளி வைத்தவர்கள் பகுதி இரண்டுக்குப் படிக்கும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அசாதாரண நாள்களும் வரும். 2021 ஜூலைக் கலவரத்தில் சாலைகள் அடைபட்டு, மாற்ற ஆள் வர முடியாமல், உள்ளே இருந்தவர்களே தொடர்ந்தோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல இடங்களில் தண்ணீர் வரவில்லை. வாளியில் நீர் கொண்டுவந்து நோயாளிகளைத் துடைத்த சிஸ்டர்மாரை நான் மறக்க மாட்டேன். அவர்களிடம் கற்றதற்கு நட்சத்திரம் போட இடமே இல்லை. "டொக்டர், ஆறாம் கட்டில் எனக்குச் சரியாகப் படவில்லை" என்று ஒரு மூத்த சிஸ்டர் சொன்னால், எழுதுவதை விட்டுவிட்டு உடனே எழுந்து போங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சம்பளத்தோடு கொம்யூட்டட் ஓவர்டைம் என்ற நிலையான தொகையும் வரும்; குடும்பம் நடத்தலாம். தேர்வுக் கட்டணத்தை நாமே கட்ட வேண்டும். நோயாளிகளை வைத்து நடக்கும் தேர்வுக்கு வேறு நகரத்துக்குப் பயணம் செய்ய நேரலாம். இலங்கையிலோ இந்தியாவிலோ படித்துவிட்டு இங்கே வர நினைப்பவர்கள் முதலில் எச்.பி.சி.எஸ்.ஏ. பதிவைப் பாருங்கள். அரசுப் பதவிகளில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கே முன்னுரிமை; சும்மா நம்பி விமானம் ஏறாதீர்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு: பகுதி ஒன்றை மெடிக்கல் ஆபிசராக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பதவிகள் குறைவு, நேர்முகத்தில் அது இல்லாதவர் பின்னுக்குத் தள்ளப்படுவார். விண்ணப்பம் கோரும் அறிவிப்புக்குக் காத்திருக்காமல், சேர விரும்பும் துறைக்கு எழுதி, விடுமுறையில் இரண்டு நாள் அவர்களோடு சுற்றுக்குப் போக அனுமதி கேளுங்கள். நல்ல யூனிட்டுகள் மறுப்பதில்லை. ஸ்டெதஸ்கோப்பைத் தவிர, கண்ணுக்குள் பார்க்கும் ஆஃப்தால்மோஸ்கோப் ஒன்றையும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாட்டில் இருப்பதற்குப் பெரும்பாலும் பேட்டரி இருக்காது.